செருப்புத் துண்டு மிதப்பும் இரண்டு நாள் லீவும்: குமரிக் குளத்தங்கரையில் முதல்முறை தூண்டில் போட

சில வருடங்களுக்கு முன் நாங்கள் நாலு பேர் பேச்சிப்பாறைப் பக்கம் மூன்று நாள் லீவுக்குப் போனோம். ரீல் வைத்த புதுத் தூண்டில்கள், ப்ளூடூத் ஸ்பீக்கர், மடக்கு நாற்காலி, கறி சுட அடுப்பு என்று காரில் கால் வைக்க இடமில்லை. திரும்பி வரும்போது போனதைவிட அலுப்பு. மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, அது போகட்டும். மூன்று ராத்திரியும் சேர்த்து ஒழுங்காகப் பத்து மணி நேரம் தூங்கியிருப்போமா என்பதே சந்தேகம்.

அடுத்த முறை தனியாகப் போனேன். ஒரு மூங்கில் கழி, ஒரு ஓட்டு வீடு, நடந்துபோகும் தூரத்தில் ஒரு குளம். இரண்டே நாள். அதில் என்ன செய்தேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். தூண்டிலைக் கையில் பிடித்தே பார்க்காதவர்களுக்காக எழுதுவதால் சிலருக்கு இது அரிச்சுவடியாகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள்

ஏரிக்கரை, மர வீடு, மூடுபனி என்று படத்தில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு இங்கே தேடினால் ஏமாற்றம்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அந்த ஏரி கிடையாது. ஆனால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன.

அணைக்கட்டுகளை முதலிலேயே விட்டுவிடுங்கள். பேச்சிப்பாறை அணை 1906-இல் திருவிதாங்கூர் காலத்தில் கட்டி முடித்தது. அதன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு சுகம், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் இருப்பது காட்டுயிர்ச் சரணாலயம், யானை இறங்கும் காடு. அனுமதி இல்லாமல் அந்தக் கரையில் உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. சுசீந்திரம் தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவை இடங்கள். அங்கே பைனாகுலரோடு போங்கள், தூண்டிலோடு வேண்டாம்.

மணக்குடிக் காயல் நல்ல இடம். கரிமீன் கிடைக்கும். ஆனால் கடல்நீர் ஏறி இறங்கும் வேலியேற்றமும் வற்றமும் தெரியாமல் முதல்முறையே அங்கே போனால் பாதி நேரம் தண்ணீர் ஏன் இப்படி ஓடுகிறது என்று யோசிப்பதிலேயே போய்விடும்.

ஆக, புதியவருக்குக் குளம். அதுவும் சின்னக் குளம், எதிர்க்கரையில் துணி துவைப்பவரின் முகம் தெரிகிற அளவு. குலசேகரம், திருவட்டாறு, அருமனை சுற்றுவட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இப்படிப்பட்ட குளங்கள் உண்டு. தாமரை அடர்ந்த குளம் பார்க்க அழகு, ஆனால் கொக்கி தண்டில் மாட்டிக்கொண்டே இருக்கும். தாமரையை விட்டு ஒரு மூலையாவது வெறும் தண்ணீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: மாதம்

ஜனவரி, பிப்ரவரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த குளம் தெளிந்திருக்கும், வெயிலும் கடுமை இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பல குளங்கள் வற்றிவிடும். வலை போட்டு மொத்தமாக அரித்துவிடுவார்கள். ஜூனில் கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அணை திறந்ததும் கால்வாய் வழியாகத் தண்ணீர் மறுபடி வரும், கூடவே மழையும். மழைக்காலத்தில்தான் லீவு என்றால் பேப்பரில் வரும் அணை நீர்மட்டத்தைப் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77. அதை நெருங்கி உபரிநீர் திறந்தார்கள் என்றால் ஆற்றோரம் இறங்கவே கூடாது. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வருவதெல்லாம் அப்போதுதான்.

படி 3: வீடு

தோட்டத்துக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடுகளை இப்போது நாள் வாடகைக்குத் தருகிறார்கள். போனில் பேசும்போது ஏசி உண்டா என்று கேட்காதீர்கள். குளத்துக்கு எத்தனை நிமிட நடை, அடுக்களையில் சமைக்கலாமா, கொசுவலை உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வி முக்கியம். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும், அதில் கொசு பெருகும். எனக்கு வாய்த்த வீட்டின் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை இருந்தது. முதல் நாள் அந்த வாடை மூக்கைப் பிடிக்கவைத்தது. இரண்டாம் நாள் அதையே தேடினேன்.

ராத்திரி முற்றத்துக்கு இறங்கினாலும் டார்ச் வேண்டும். பாம்பு உண்டு.

படி 4: கேட்டுவிட்டு உட்காருங்கள்

இதைச் செய்யாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. போன முதல் நாள் காலையில் யாரையும் கேட்காமல் படித்துறையில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டேன். கால் மணி நேரத்தில் பின்னால் ஒரு குரல்.

"மக்களே, கொளம் ஒனக்கு அப்பன் வெட்டினதாடே?"

அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தோளில் துண்டு. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர். ஊர்க் குளங்களில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை இப்படி ஏலத்தில் விடுவது வழக்கம். காசு கட்டி, குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார், நான் போய் இலவசமாகப் பிடித்தால் கோபம் வராதா? எழுந்து நின்று, "தெரியாமப் பண்ணிட்டேன் பாட்டா, மன்னிச்சிருங்க" என்றேன். பாட்டா என்றால் இங்கே தாத்தா. அந்தச் சொல் வேலை செய்தது. கழியைக் கையில் வாங்கிப் பார்த்தார், மிதப்பைப் பார்த்துச் சிரித்தார். "இத வச்சா மீன் புடிக்கப் போற? கட்லா, ரோகு விழுந்தா விட்டுரணும். சிலேபி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோ" என்றார். சிலேபி என்பது திலாப்பியா.

ஆகவே போனதும் வீட்டுக்காரரிடம் குத்தகைக்காரர் யார் என்று கேளுங்கள். அவர் வீட்டுக்கு நேரில் போங்கள். பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், பேரம் பேச வேண்டாம். அதற்கப்புறம் அந்தக் கரையில் நீங்கள் அந்நியர் இல்லை. எந்தப் பக்கம் பள்ளம், எங்கே சகதி, எந்தப் படி வழுக்கும் எல்லாம் தானாகச் சொல்லுவார்கள்.

படி 5: தூண்டில் கட்டுதல்

ரீல் வேண்டாம். எட்டிலிருந்து பத்தடி மூங்கில் கழி போதும், நுனி வளைந்து கொடுக்க வேண்டும். தங்கூசி, அதாவது நைலான் நரம்பு, கழியின் நீளத்துக்கே போதும். 0.25 அல்லது 0.30 மில்லிமீட்டர் என்று கடையில் கேளுங்கள். கொக்கி 8 அல்லது 10-ஆம் நம்பர். கொக்கியில் நம்பர் கூடக்கூட அளவு சிறிதாகும், இது தெரியாமல் பெரிய நம்பர் பெரிய மீனுக்கு என்று வாங்கிவிடாதீர்கள்.

கொக்கி கட்டும் முடிச்சு ஒன்றை மட்டும் வீட்டிலேயே பழகிக்கொண்டு போங்கள். தங்கூசியின் நுனியைக் கொக்கியின் கண்ணில் நுழைத்து ஒரு சாண் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த நுனியை மெயின் நரம்பின் மேல் ஐந்தாறு முறை சுற்றுங்கள். இப்போது கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் தெரியும். நுனியை அதற்குள் விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு வெளியே எடுங்கள். இறுக்குவதற்கு முன் முடிச்சை வாயில் வைத்து எச்சில் படுத்துங்கள். உலர்ந்த நரம்பை இழுத்தால் உரசிச் சூடாகி அங்கேயே பலம் போய்விடும். ஈரமாக, மெதுவாக இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி உட்காரும். மிச்ச நுனியை நகவெட்டியால் வெட்டுங்கள். மூன்றாம் முறை கட்டும்போது கை தானாகப் போகும்.

கொக்கிக்கு நாலு விரல் மேலே மிளகளவு ஈயம் ஒன்றைக் கடித்தாற்போல அழுத்துங்கள். பல்லால் வேண்டாம், ஈயம் விஷம், சின்னக் குறடு எடுத்துப் போங்கள்.

மிதப்புக்குக் கடையில் கலர் கலராகக் கிடைக்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் கட்டுவது பழைய ரப்பர் செருப்பின் துண்டு. பாதி விரல் நீளத்துக்கு வெட்டி, ஊசியால் நடுவே துளைத்து, நரம்பைக் கோத்து, ஒரு ஈர்க்குச்சியைத் துளையில் செருகினால் நகராது. ஈர்க்குச்சியை உருவினால் மேலும் கீழும் நகர்த்தி ஆழத்தை மாற்றிக்கொள்ளலாம். இரை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்க வேண்டும். மிதப்பு படுத்துக் கிடந்தால் ஈயம் தரையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், கீழே நகர்த்துங்கள். அமிழ்ந்தே போனால் ஈயம் அதிகம்.

படி 6: இரை

மண்புழு. அடுக்களைத் தண்ணீர் போய் விழும் வாழை மூட்டில் இரண்டு கொத்துக் கொத்தினால் ஒரு நாளைக்குத் தேவையானது கிடைக்கும். சிரட்டையில் ஈர மண்ணோடு போட்டு நிழலில் வையுங்கள். புழுவைத் தொட மனம் வராதவர்கள் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து கொஞ்சம் தேங்காய்ப் பிண்ணாக்கு சேர்த்து உருட்டலாம். உருண்டை பட்டாணி அளவு, கொக்கியின் முனை மறைய வேண்டும்.

படி 7: உட்காருதல்

காலையில் வெளிச்சம் வருவதற்கு முன் கிளம்பி எட்டரை வரை. சாயந்திரம் நாலு மணியிலிருந்து இருட்டும் வரை. நடுவில் தூக்கம், சாப்பாடு. உச்சி வெயிலில் வெயில்தான் காய முடியும்.

போனை நான் வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டுப் போனேன். எங்கே போகிறேன் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், சாயந்திரம் ஏழு மணிக்கு ஒருமுறை எடுத்து வீட்டுக்குப் பேசுவேன். அவ்வளவுதான்.

முதல் இருபது நிமிடம் நன்றாக இருக்காது. சொல்லிவிடுகிறேன். மிதப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆபீஸில் முடிக்காத வேலை, கட்டாத இன்சூரன்ஸ், என்றோ ஒருவர் சொன்ன ஒரு சொல் எல்லாம் வரிசையாக வரும். எழுந்து போய்விடலாமா என்று தோன்றும். அப்போது கைக்கு ஒரு வேலை கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தூண்டிலைத் தூக்கி இரையைப் பாருங்கள், புழு வெளுத்திருந்தால் மாற்றுங்கள், அதே இடத்தில் சத்தமில்லாமல் இறக்குங்கள். மூன்று நாலு முறை இப்படிச் செய்தபிறகு காது திறந்தது எனக்கு. தோட்டத்துக்குள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டுகிறவரின் கத்தி மரப்பட்டையில் போகும் சரக் சத்தம். அப்புறம் நாலெட்டு நடை. மறுபடி சரக். தூரத்தில் சர்ச் மணி, அதற்குப் பதில் சொல்வதுபோல ஒரு கோயில் மைக். குளத்தில் இருக்கிற மீனெல்லாம் எங்கே வாய் திறக்கும் என்று மீன்கொத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது.

மிதப்பு பேசும் பாஷை இதுதான். லேசாக நடுங்கி, இரண்டு துள்ளு துள்ளி, சாய்ந்தபடி பக்கவாட்டில் நகர்ந்தால் சிலேபி. நகர ஆரம்பித்ததும் மணிக்கட்டை மட்டும் மேலே சுண்டுங்கள். முன்னறிவிப்பில்லாமல் நேரே கீழே போனால் கெளுத்தி. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் பொடிக் கெண்டைகள் புழுவை உரித்துத் தின்கின்றன, சுண்டிப் பயனில்லை. கழியைத் தலைக்குமேல் வீசி இழுத்தால் மீன் பின்னால் மரத்தில் போய்த் தொங்கும். எனக்குத் தொங்கியது.

கொக்கி அடியில் மாட்டிக்கொண்டால் தண்ணீரில் இறங்காதீர்கள். சகதியும் கொடியும் எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. கழியைத் தாழ்த்தி நேராக இழுங்கள், நரம்பு அறுந்துவிடும். ஒரு கொக்கி போனால் சில ரூபாய்தான். இடி இடித்தால் அப்படியே சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

படி 8: கையில் வந்த மீன்

ஈரக் கையால் பிடியுங்கள். சிலேபியின் முதுகு முள்ளை வாலுக்குப் போகும் திசையில் தடவிப் படுக்கவைத்துப் பிடித்தால் குத்தாது. கெளுத்தியிடம் அப்படி நடக்காது. முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். தேளி மீன் பேருக்கேற்றபடி கொட்டும். குத்திவிட்டால் தாங்குகிற சூட்டில் வெந்நீர் எடுத்து விரலை முக்கி வையுங்கள், வலி அடங்கும். வீங்கிக்கொண்டே போனால் ஆஸ்பத்திரி. துண்டை மடித்துப் பிடித்து, குறடால் கொக்கியைக் கழற்றினால் இந்தக் கதையே இல்லை.

சிவந்த குஞ்சுகள் திரளாக மேலே குமிழியிட்டுக்கொண்டு நகர்வதைப் பார்த்தால் கீழே பெரிய வரால் காவலுக்கு இருக்கிறது. அந்தப் பக்கம் தூண்டில் போடாதீர்கள். அதை எடுத்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தீர்த்துவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி விழுந்தால் நேர்மாறு, திரும்பக் குளத்தில் விடக் கூடாது. கண்டதையெல்லாம் தின்று குளத்தைக் காலிபண்ணுகிற மீன் அது.

சாப்பிடுகிற அளவு போதும். எனக்கு முதல் நாள் நாலு சிலேபி, உள்ளங்கை அளவு. சாம்பல் போட்டு உரசிக் கழுவி, கொல்லமிளகும் (வற்றல் மிளகாய்) மஞ்சளும் தேங்காயும் அரைத்து, கொடம்புளி இரண்டு சுளை போட்டு மண்சட்டியில் வைத்துத் தந்தார் வீட்டுக்கார அக்கா. கூட அவித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. இரண்டாம் நாள் ஒன்றும் விழவில்லை. அன்றைக்குக் காலையில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன், பாட்டா வந்து எழுப்பும்வரை.

படி 9: கிளம்பும்போது

அறுந்த தங்கூசித் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது. கொக்கின் காலிலும் நீர்க்காகத்தின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். சுருட்டிப் பையில் போடுங்கள். கொக்கிகளைத் தீப்பெட்டிக்குள் வையுங்கள், பையில் அப்படியே போட்டால் பஸ்ஸில் யார் கையிலாவது ஏறும்.

பத்தடிக் கழியை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்ற முடியாது. நான் அதை வீட்டுக் கூரை ஓரத்து இறவாணத்தில் செருகிவிட்டு வந்தேன். போன தையில் மறுபடி போனபோது அங்கேயேதான் இருந்தது. நரம்பு புதுசு. என் கறுப்புச் செருப்புத் துண்டுக்குப் பதில் யாரோ பச்சைத் துண்டு கட்டியிருந்தார்கள்.