தோப்பு வீட்டுக்கு 8 கி.மீ. வயர்லெஸ் இணைப்பு: டிஷ் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் எதிர்முனை தெரிகிறது என்பதற்காக இணைய இணைப்புக்கான டிஷ் ஆன்டெனா வாங்கிவிடாதீர்கள். இந்த இணைப்பு ஓடும் 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைக்கு இரு முனைகளையும் சேர்க்கும் நேர்கோட்டைச் சுற்றிலும் இடம் வேண்டும். நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் இந்த இடத்துக்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். 8 கி.மீ. இணைப்பில் நடுவழியில் அதன் ஆரம் 10 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 6 மீட்டர், மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னொரு மீட்டர்.

மதுரை அருகே சோழவந்தான் பக்கம் இடிப்பது தென்னைதான். நடுவழியில் 20 மீட்டர் தென்னை நின்றால் கோடு அங்கே 27 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். வீட்டுக் கம்பத்தில் இது நடக்காது. வயல்மேல் போகும் கோடாகப் பாருங்கள். இல்லையென்றால் நடுவில் உயரமான கட்டடம் ஒன்றில் ரிலே (சிக்னலை வாங்கி மறுபக்கம் அனுப்பும் ரேடியோ) வையுங்கள். மழையைவிட மழையில் நனைந்த தென்னை ஓலைதான் அதிகம் கெடுக்கும்: மணிக்கு 50 மி.மீ. மழை வழி முழுக்கப் பெய்தாலும் இழப்பு 3 டெசிபலைத் தாண்டாது. ஒத்தக்கடையில் யானைமலை குறுக்கே வந்தால் ரிலே தவிர வழியில்லை. கண்மாய்க்கு மேலே போகும் கோட்டில் வேறொரு சிக்கல்: தண்ணீர் நிறைந்ததும் அதில் பட்டு எதிரொளிக்கும் அலை நேர் அலையோடு மோதி சிக்னலைக் குறைக்கும். ஒரு முனையில் டிஷ்ஷை ஒரு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.

அடுத்தது சிக்னல் கணக்கு. ரேடியோ வெளியீடு 11 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு), இரு முனையிலும் 25 டிபிஐ (டிஷ் சிக்னலைக் குவிக்கும் அளவு) டிஷ். 8 கி.மீ. வெட்டவெளி இழப்பு 126 டெசிபல். 11 + 25 + 25 − 126 = −65 டிபிஎம். எதிர்முனையில் வர வேண்டிய சிக்னல் இதுதான்; பூஜ்யத்துக்குப் பக்கமாக வர வர வலு கூடுதல். இந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு மாடி ஏறுங்கள்.

டிஷ்ஷைத் திருப்பும்போது ஒரு முனையை அசைக்காமல் மறுமுனையை மட்டும் இடவலமாக மெதுவாகத் திருப்புங்கள். உச்சத்தைத் தாண்டி சிக்னல் இறங்கும்வரை போய்த் திரும்பி வாருங்கள். பிறகு மேல்கீழ். அதன்பின் அடுத்த முனை. −82 வந்து அங்கேயே நிலைத்தால் சந்தோஷப்படாதீர்கள். டிஷ்ஷின் பக்கக் கதிரில் (முக்கியக் கதிருக்குப் பக்கத்தில் கசியும் வலுக்குறைந்த கதிர்) பிடித்திருக்கிறீர்கள். இன்னும் தள்ளி உண்மையான உச்சம் இருக்கும். −68 அல்லது அதைவிட வலுவாக வந்தால் சரி. இரண்டு போலரைசேஷனில் (அலை அதிரும் இரு திசைகள்) ஒன்று மட்டும் 10 டெசிபல் குறைந்தால் கனெக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும்.

மதுரை நகருக்குள் வைஃபை நெரிசல் அதிகம். சேனல் அகலத்தை (ரேடியோ பயன்படுத்தும் அலைவரிசையின் அகலம்) 80லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் இரைச்சல் 6 டெசிபல் குறையும். உச்ச வேகம் குறைந்தாலும் இணைப்பு அறுந்து அறுந்து வராது.

மேலே போகும் நெட்வொர்க் கேபிள் ஷீல்டு (உலோக உறை) உள்ளதாக இருக்கட்டும். கம்பத்தையும் ஷீல்டையும் எர்த் செய்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி) வையுங்கள். ஐப்பசி இடியில் முதலில் போவது ரேடியோவின் ஈதர்நெட் போர்ட்தான். கிளாம்பு நட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஆனி பிறக்கும்போது ஒருமுறை இறுக்கிவிடுங்கள். ஆடிக் காற்றில் டிஷ் ஐந்தாறு டிகிரி திரும்பினாலே இணைப்பு ஆட்டம் காணும்.