தோலாவிராவில் கால் வைக்கும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், உப்புப் பாலையான பெரிய ரண்ணுக்கு நடுவே மேடாக எழும்பி நிற்கிறது கதிர் பேட். ‘பேட்’ என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் தீவு. அதன் மேற்கு ஓரத்தில்தான் தோலாவிரா. கி.மு. 3000 வாக்கில் தொடங்கி கி.மு. 1500 வரை, ஏழு கட்டங்களாக வளர்ந்து, தேய்ந்து, முடிந்துபோன சிந்துவெளி (ஹரப்பா) நாகரிக நகரம். 2021 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காவ்டாவிலிருந்து ரண்ணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் புதுச் சாலையும் வந்துவிட்டதால், இப்போது வருகிறவர்கள் அதிகம்.

வந்தவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, “இங்க பார்க்க என்னங்க இருக்கு?” கோபுரம் கிடையாது, சிற்பம் கிடையாது. கல்லும் மண்ணும்தான். இந்த நினைப்பிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறும் கிளைக்கிறது. வெறும் கல்தானே என்கிறவர் சுவர்மேல் ஏறுகிறார், கீழே கிடக்கும் பானை ஓட்டுச்சில்லைப் பொறுக்கிப் பையில் போடுகிறார். அரை மணியில் பார்த்துவிடலாம் என்று ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு உச்சிவெயிலில் இறங்குகிறார்.

வெயிலைக் குறைத்து எடைபோடுவது

போக ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் நாற்பது டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். குளிர்காலம்தானே என்று ஏமாறவும் கூடாது. விடியற்காலையில் ஸ்வெட்டர் கேட்கும் அதே நாளில், பதினொரு மணிக்கு மேல் வெளிர்நிறச் சுண்ணாம்புக் கற்கள் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். நகரத்துக்குள் ஒதுங்க நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அருங்காட்சியகத்தின் பக்கம் திரும்பி வந்தால்தான் உண்டு.

சென்னை வெயில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் வியர்வை வழிந்து சட்டை நனையும். உடம்பிலிருந்து நீர் போவது கண்ணுக்குத் தெரியும். கட்ச்சின் வறண்ட காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள். தலைவலியும் குமட்டலும் வந்த பிறகுதான் உறைக்கும். ஆளுக்கு மூன்று லிட்டராவது வண்டியில் இருக்கட்டும். தாகத்துக்குக் காத்திராமல் கால் மணிக்கு ஒரு தடவை சில மடக்கு குடியுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் போதாது, உப்பும் போகிறது. ஓஆர்எஸ் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வைத்துக்கொள்ளலாம்.

கூட வந்தவர் குழறிப் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, தோல் நெருப்பாகக் கொதித்தாலோ அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

சரியாகப் பார்க்க இரண்டரை, மூன்று மணி நேரம் வேண்டும். சூரியன் எழுந்ததும் உள்ளே போய், பத்தரைக்குள் வெளியே வந்து, பிறகு அருங்காட்சியகம் பார்ப்பது நல்ல கணக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

சுவர்மேல் ஏறுவது

செல்ஃபிக்காகச் சுவரில் ஏறி நிற்பதுதான் கண்ணில் அதிகம் படும் தவறு. ஹரப்பா, மொகஞ்சதாரோ போலச் சுட்ட செங்கல்லால் எழுந்த ஊர் அல்ல இது. கல்லை அடுக்கி இடையில் சேறு பூசிய சுவர்கள், உள்ளே பச்சைமண் செங்கல் வைத்த மதில்கள். கல்லைப் பிடித்து வைத்திருப்பது சிமென்ட் இல்லை, காய்ந்த களிமண். மேல்வரிசைக் கல் ஒன்று நகர்ந்தால் அந்த இடைவெளியில் மழைநீர் இறங்கும். நீர் களிமண்ணைக் கரைக்கும். அடுத்த வரிசையும் தளரும். கல் உருண்டால் உங்கள் கணுக்காலும் போகும். கிழக்கு நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் என்றால் பத்து மீட்டருக்கு மேல் பள்ளம்.

அந்த நீர்த்தேக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், அடிவரை இறங்கும் படிகள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மன்சார், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளை அணை கட்டி மறித்து, நகரைச் சுற்றித் தொட்டி தொட்டியாகத் தேக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் உப்பு, நடுவே நல்ல தண்ணீர். இந்தப் படிகளில் இறங்கிக் குதித்து ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு, கால் வைக்கும் கல் எத்தனை நூற்றாண்டு பழையது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போட்ட பாதையிலேயே நடங்கள், கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள்.

கை கழுவ, முகம் கழுவ சுவரோரம் தண்ணீர் ஊற்றுவதும் தவறுதான். இந்த மண் முழுக்க உப்பு. ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு கல்லுக்குள் ஏறும். காயும்போது உப்பு படிகமாகி, கல்லின் மேல்தோலை உரித்துத் தள்ளும்.

ஒரே ஒரு ஓடு

நடக்கும் பாதையின் இருபுறமும் சிவப்பு ஓட்டுச்சில்லுகள் கிடக்கும். சிலவற்றில் கறுப்புக் கோடு தெரியும். சங்கு வளையலின் உடைந்த துண்டு, பாசிமணியின் பாதி, சிறு கல் சீவல் எல்லாம் கண்ணில் படும். இத்தனை கிடக்கிறதே, ஒன்றை எடுத்தால் என்ன என்றுதான் எல்லோருக்கும் தோன்றும்.

ஓட்டின் மதிப்பு அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது. எந்த மண் அடுக்கில், எந்தச் சுவருக்குப் பக்கத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்துத்தான் ஏழு கட்டங்களில் அது எந்தக் கட்டம், அங்கே சமைத்தார்களா, மணி கோத்தார்களா என்று ஆய்வாளர் சொல்கிறார். உதாரணத்துக்கு ஒன்று: மணிக்குத் துளைபோட ஹரப்பா மக்கள் பயன்படுத்திய மிகக் கடினமான கல்லைத் தொல்லியலாளர்கள் எர்னஸ்டைட் என்கிறார்கள். அந்தக் கல்லில் செய்த துளைப்பான் முனைகள் தோலாவிராவில் ஏராளமாகக் கிடைத்தன. ஒவ்வொன்றும் தீக்குச்சிபோல மெலிந்த, சில சென்டிமீட்டர் நீளக் குச்சிக்கல். சாதாரணக் கண்ணுக்கு அது கூழாங்கல் சில்லு. அவை கிடந்த இடங்களைக் குறித்ததால்தான் இங்கே மணித்தொழில் பெரிதாக நடந்தது தெரிந்தது. உங்கள் வீட்டு ஷோகேஸில் அதே கல் ஊமை.

எடுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் வைப்பதும் இதே கெடுதல்தான். குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், தொட வேண்டாம். புதிதாக ஏதாவது மழையில் வெளிப்பட்டிருந்தால் அங்கே இருக்கும் காவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சட்டமும் சும்மா இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினாலோ அதிலிருந்து எதையும் அகற்றினாலோ, 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2010 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தொல்பொருளை விற்பதற்கும் வெளிநாடு கொண்டுபோவதற்கும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. ஊர்ப் பையன் யாராவது மணியோ முத்திரையோ நீட்டினால், அது போலி என்றாலும் வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருக்கிறார் என்று தெரிந்தால் தோண்டுகிறவரும் வந்துவிடுவார்.

அந்தப் பத்து எழுத்துகள்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பலருக்குச் சிந்து எழுத்தின்மேல் தனி ஆர்வம். வடக்கு வாசலில் கிடைத்த பெயர்ப்பலகையைப் பார்க்கத்தான் வந்தேன் என்பார்கள். சுமார் 37 சென்டிமீட்டர் உயரமுள்ள பத்துக் குறிகள், வெள்ளை ஜிப்சத் துண்டுகளால் ஆனவை. அவற்றைப் பதித்திருந்த மரப்பலகை மக்கிப்போய்விட்டது. காற்றில் விட்டால் உதிர்ந்துவிடும் என்பதால், கிடைத்த இடத்திலேயே மூடிப் பாதுகாத்திருக்கிறார்கள். படத்தையோ மாதிரியையோதான் பார்க்க முடியும். அதைத் திறந்து காட்டச் சொல்லிக் காவலரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள்.

செருப்பும் பாம்பும்

ரப்பர் செருப்போடு வராதீர்கள். நம் ஊர்க் கண்மாய்களை வளைத்த அதே சீமைக்கருவேலம் கட்ச்சையும் வளைத்திருக்கிறது. அங்கே அதன் பெயர் ‘காண்டோ பாவள்’, பைத்தியக் கருவேலம். அந்த முள் ரப்பரைத் துளைத்துக் காலில் ஏறும், டயரையும் விடாது. மூடிய ஷூ, கனமான சாக்ஸ், முழுக்கால் பேன்ட் போதும்.

ஷூ இன்னொன்றுக்கும் உதவும். சுருட்டை விரியன் கட்ச்சில் அதிகம். இரண்டடிக்குக் குறைவான நீளம், மண்நிறம், கல்லிடுக்கில் படுத்திருந்தால் தெரியாது. செதிலை உரசி ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் எழுப்பினால் அப்படியே பின்வாங்குங்கள். பார்க்காமல் இடுக்கில் கை விடுவதும், கல்லைப் புரட்டுவதும்தான் ஆபத்து. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசு, வாட்சைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் அந்த உறுப்பைத் தப்பையோடு அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்பதால், விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று வழியிலேயே போனில் கேட்டுவிட வேண்டும். கடித்த பாம்பைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

வெள்ளைத் தரையை நம்புவது

தோலாவிரா பயணத்தில் ரண்ணையும் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. சாலையிலிருந்து பார்த்தால் சிமென்ட் தளம் போல இருக்கும். மேலே உப்புப் பொருக்கு, கீழே சேறு. காரை இறக்கினால் அச்சு வரை புதைந்துவிடும், இழுத்துவிட டிராக்டர் தேட வேண்டும். தனியாக நடந்து உள்ளே போகிறவருக்கு வேறு சிக்கல்: எல்லாத் திசையும் ஒன்றுபோலத் தெரியும், கானல்நீர் தூரத்தைப் பொய்யாகக் காட்டும். மழைக்காலம் முடிந்து நீர் நிற்கும்போது பூநாரைகள் வரும். அவற்றைப் பறக்கவிட்டுப் படமெடுப்பதற்காகக் கிட்டே ஓடாதீர்கள், அது வனவிலங்கு சரணாலயப் பகுதி.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எல்லைப் பகுதி, சரணாலயம், தொல்லியல் துறை மூன்று தடைகளும் இங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. முக்காலி வைத்துப் படம்பிடிப்பதற்கும் முன்கூட்டியே தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். எல்லைப் பாதுகாப்புப் படையின் சாவடிகளைப் படமெடுக்காதீர்கள்.

ஊர்

இடிபாட்டைக் கண்டது வெளியூர் ஆய்வாளர்தான் என்று நினைப்பதும் தவறு. மேட்டைக் ‘கோட்டடா’, அதாவது கோட்டை என்று ஊர்மக்கள் முன்பே அழைத்து வந்தார்கள். தொல்லியலாளர் ஜே.பி. ஜோஷி 1960-களின் இறுதியில்தான் இங்கு வந்தார். ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் 1990 வாக்கில் அகழாய்வு தொடங்கியபோது மண் அள்ளியதும் இந்தக் கிராமத்தார்தான். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால், பலகையில் எழுதாதவையும் தெரியவரும். கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள், ரொக்கமாகக் கொடுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வருவதால் ஜிபே நம்பிப் பயனில்லை. பூவேலை ரவிக்கை அணிந்த பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். குஜராத்தில் மதுவிலக்கு, அனுமதி இல்லாமல் பையில் மதுபாட்டில் இருந்தால் வழக்கு.

வழி: நாகர்கோவிலிலிருந்து காந்திதாமுக்கு வாராந்திர ரயில் உண்டு. அங்கிருந்து பச்சாவ், ராப்பர் வழியாகப் போகலாம். புஜ்ஜிலிருந்து காவ்டா வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர்; மழைக்காலத்தில் அந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பெட்ரோலைப் புறப்படும் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு, வரைபடத்தைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது இருட்டுக்கு முன் பெரிய சாலையைப் பிடித்துவிட வேண்டும். விளக்கில்லாத சாலையில் எருமையும் நீலமானும் குறுக்கே வரும்.