தெருச் சங்கம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

எங்கள் தெருவில் சங்கம் பிறந்தது ஒரு சித்திரைத் திருவிழாவின்போது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முந்தின நாளே தெருவே கிளம்பிப் போயிருந்தது. அழகரை வழியிலேயே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் ஆரம்பித்தால் வீடு திரும்ப மறுநாள் மதியமாகிவிடும், மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு வீட்டின் பூட்டு உடைந்து கிடந்தது. அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே 40 பேர் கூடினோம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். சட்டைப் பையில் பேனா வைத்திருந்தேன், வேறு தகுதி எதுவும் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 6 பேர். அதில் ஒருவர், தான் கொடுத்த நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப் போக வந்தவர்.

அதற்குப் பிறகு திருட்டு, பள்ளிக்கூடம், கட்டடம் என்று பல விஷயங்களில் அலைந்துவிட்டோம். தோற்ற இடங்களைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தவறான அலுவலகத்துக்கு, காகிதம் எதுவும் இல்லாமல், கெடு முடிந்த பிறகு போயிருக்கிறோம். கோபம் மட்டும் எப்போதும் சரியான நேரத்துக்கு வந்துவிடும்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமரா வாங்க வீடு வீடாக வசூலித்த தொகையைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் போட்டோம். அவர் அடுத்தவர் காசில் ஒரு டீ கூடக் குடிக்காதவர். ஆனால் அவர் வீட்டில் கல்யாணம் வந்த மாதம் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. பாவம், மனிதர் நொந்துபோனார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் சேர்ந்தாலே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். உறுப்பினர்கள் 20 பேர் ஆகிவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலமும் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்கலாம். மனுவில் 'தெருவாசிகள்' என்று கையெழுத்துப் போடுவதற்கும் பதிவு எண் போட்ட முத்திரை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் முதல் முறை மனு கொடுக்கும்போதே தெரிந்துவிடும்.

திருட்டும் கேமராவும்

கேமரா மாட்டினால் திருட்டு நின்றுவிடும் என்று நம்பினோம். கம்பத்தின் உச்சியில் மாட்டியதால் தெரு முழுவதும் அழகாகத் தெரிந்தது, ஒருவர் முகமும் தெரியவில்லை. ராத்திரியில் வண்டி நம்பர் வெறும் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. கேமரா படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் 40 நிமிடம் பின்தங்கி ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. பெட்டியில் இடம் தீர்ந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகும் என்பதும் தெரியாது. ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பிய ஒருவர் தன் சைக்கிளைக் காணோம் என்று வந்தபோது, அந்த நாளின் பதிவே அழிந்திருந்தது. தெருமுனையில் ஒன்று முகம் தெரியும் உயரத்தில், ஒன்று வண்டி நம்பர் தெரியும் கோணத்தில் என இரண்டு இருந்தால் போதும். மாதம் ஒரு முறை கடிகாரத்தைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். எரியாத தெருவிளக்கை மாற்றச் சொல்லி மனு எழுதுவது அதைவிட மலிவான வேலை, அதைத்தான் கடைசியாகச் செய்தோம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். இதையும் செய்கிறவர்கள் குறைவு.

அடுத்தது, புகாரே கொடுக்காமல் விடுவது. “எதுக்குண்ணே ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைஞ்சுக்கிட்டு” என்று எங்கள் தெருவில் மூன்று பேராவது சொல்லியிருப்பார்கள். புகார் இல்லை என்றால் அந்தத் தெருவில் திருட்டே நடக்கவில்லை என்றுதான் பதிவேடு சொல்லும். பிறகு ரோந்து கேட்டால் எந்தக் கணக்கை வைத்துத் தருவார்கள்?

எங்களைப் போல மாநகரின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. “இது எங்க லிமிட் இல்ல” என்ற பதில். மாநகராட்சி எல்லையும் காவல் நிலைய எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அதனால் இந்தக் குழப்பம் தீராது. ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை எந்த எல்லையில் நடந்திருந்தாலும் காவல் நிலையத்தில் கொடுக்கலாம் என்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. பதிய மறுத்தால் உயர் அதிகாரிக்கு, மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, புறநகர் என்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, எழுதித் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிட்டு ‘கேஸ் போட்டாச்சு’ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எஃப்.ஐ.ஆர். வேறு, சி.எஸ்.ஆர். வேறு.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. ஒரு நாள் போர்வை விற்க வந்த ஒருவரைப் படம் பிடித்து ‘உஷார்’ என்று யாரோ போட்டார்கள். அரை மணி நேரத்தில் அது நான்கு குழுக்களுக்குப் போய்விட்டது. அவர் பக்கத்துக் காலனிக்குப் பல வருடமாக வந்து போகிறவர், அங்கே பாதி வீட்டில் அவரிடம் வாங்கிய போர்வை இருக்கிறது. முகம் புதிதாக இருந்தாலோ, பேச்சு வடக்கத்தியாக இருந்தாலோ சந்தேகப்படுவதும், அப்புறம் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்று சாதி வரை தோண்டுவதும் காவல் வேலை ஆகாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியைத் தவிர அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் முந்தின நாள் வரை நம்மைப் போன்றவர்கள்தான்.

கையும் களவுமாக ஒருவரைப் பிடித்தாலும் கம்பத்தில் கட்டி வைக்கக் கூடாது. ஜாமீனில் விட முடியாத, கைது செய்யத்தக்க குற்றத்தைக் கண்ணெதிரே செய்கிறவரை மட்டும்தான் பொதுமக்கள் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 112-க்கு அழைத்துவிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தால் போதும். கை வைத்தால் வழக்கு நம் மேல் திரும்பும்.

தெருவின் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போடலாம் என்று ஒரு வருடம் பேசினோம். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்விடும், அதைப் பூட்ட நமக்கு உரிமை இல்லை என்று ஓய்வு பெற்ற ஒரு சர்வேயர் சொன்ன பிறகுதான் விட்டோம். நல்லவேளை. அந்த மழைக்காலத்திலேயே நடுராத்திரி ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே வர வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம்

இதில் நாங்கள் செய்ததை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று கேள்விப்பட்டு, 10 பேர் போய்த் தலைமை ஆசிரியர் அறையில் சத்தம் போட்டோம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பிள்ளை கூட அங்கே படிக்கவில்லை. தலைமை ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், இதை மேலாண்மைக் குழுவுல தீர்மானமாப் போட்டு அனுப்பியிருக்கோம், உங்க தெருவுல இருந்து ரெண்டு அம்மாக்கள் குழுவுல இருக்காங்க, அவங்ககிட்டக் கேட்கலையா?” என்றார். கேட்கவில்லை. எங்கள் கூட்டத்துக்கு அவர்களை ஒரு முறை கூடக் கூப்பிட்டதும் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளியில் என்ன வேண்டும் என்று கேட்கும் முதல் வாசல் அதுதான். அதற்கு அப்பால் கட்டடம் யாருடையது என்று பார்க்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடத்துக்கு ஒன்றிய அலுவலகம், ஆசிரியருக்குக் கல்வித் துறை. ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கவுன்சிலரிடம் போய் நின்றால் அவர் தலையாட்டுவார், அதோடு சரி.

பள்ளிக்கு அருகே திரியும் பையன்களைப் பற்றிய புகாரில் ஒரு எச்சரிக்கை. சிகரெட்டோ கஞ்சாவோ, சீருடையில் இருக்கும் சிறுவனைப் படமெடுத்துக் குழுவில் போடாதீர்கள். சட்டச் சிக்கலில் மாட்டிய சிறுவனின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆம் பிரிவின்படி குற்றம், 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பையனை விட்டுவிட்டுக் கடையைப் பாருங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம்.

வரைபடம்

பள்ளிக்கும் கட்டட விவகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்தவன்தான். டாஸ்மாக் கடை அதைச் சொல்லிக் கொடுத்தது. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளியிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை வைக்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு விதி. டேப் வைத்து அளந்து மனு எழுதத் தயாரானவர்கள் நாங்கள். அந்த விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. திட்டக் குழுமம் ‘வணிகப் பகுதி’ அல்லது ‘தொழிற் பகுதி’ என்று குறித்த இடத்தில் இந்தத் தூரக் கணக்கு செல்லாது. ஆகவே டேப்பை எடுப்பதற்கு முன் வரைபடத்தை எடுக்க வேண்டும்.

அந்த வரைபடத்துக்குப் பெயர் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம் என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகை அதில் இருக்கும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன்படி, வரைவுத் திட்டத்தை அரசிதழிலும் நாளிதழிலும் அறிவித்து ஆட்சேபணை கேட்க வேண்டும், அதற்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும். அந்த 2 மாதத்தில் தெருவில் ஒருவரும் நாளிதழின் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. பல வருடம் கழித்து வீட்டுக்குப் பின்னால் கிட்டங்கியோ கல்யாண மண்டபமோ எழும்பும்போதுதான் ‘இதை யார் அனுமதித்தது’ என்று கேட்கிறோம். தனி மனைக்கு நில வகைப்பாட்டை மாற்றும்போதும் அறிவிப்பு வரும், அதற்கும் கெடு உண்டு. எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இது மட்டும்தான் வேலை. பத்திரிகையில் நோட்டீஸ் பார்ப்பது, நம் சர்வே எண் வந்தால் சொல்வது.

இன்னொரு சிக்கல், நம் வீட்டு லட்சணம். எதிர் மனையில் இடைவெளி விடாமல் கட்டுகிறார்கள் என்று புகார் எழுதினோம். விசாரிக்க வந்தவர் எங்கள் தலைவர் வீட்டுப் படிக்கட்டு தெருவில் இரண்டடி இறங்கியிருப்பதைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, சிரித்தார். அந்தப் புகார் அத்தோடு படுத்துவிட்டது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கும் ஊர் இது. விதியைப் பற்றி எல்லோரும் பேசுவோம், அவரவர் மாடி கட்டும் வரைக்கும்.

பூங்கா இடத்தில் பெரும்பாலான சங்கங்கள் தாமாகவே தவறு செய்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இடம் காலியாகக் கிடந்தால் ஆக்கிரமிப்பு வந்துவிடும் என்று சொல்லி, சங்கமே ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைக்கும். அப்புறம் ஷெட், அப்புறம் சங்க அலுவலகம். பிறகு பக்கத்து மனைக்காரர் வேலியைத் தள்ளிப் போடும்போது அவரைக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

எங்கள் பூங்கா இடத்திலும் பிள்ளையார் வரை பேச்சு போனது. அதே சர்வேயர்தான் தடுத்தார். “முதல்ல அது யார் பேர்ல இருக்குன்னு பாருங்க தம்பி” என்றார். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனைப்பிரிவு வரைபடமும் தானப் பத்திர நகலும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். 30 நாளில் வர வேண்டிய பதில், மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. நாங்கள் பூங்கா என்று நினைத்திருந்த இடத்துக்குத் தெற்கே, ஒரு வாய்க்காலும் வரைபடத்தில் இருந்தது. அதன் மேல் இப்போது இரண்டு வீடும் ஒரு வண்டி நிறுத்துமிடமும் இருக்கின்றன. அந்த வண்டி நிறுத்துமிடத்தில்தான் எங்கள் மாதக் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.