1569 வடக்குக் கிளர்ச்சியை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராட்டஸ்டண்டு அரசி முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், 1569 நவம்பரில், வட இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பிரபுக்கள் நடத்திய கிளர்ச்சியை எழுதுவோர் பலர் முதலில் சறுக்குவது தேதிகளில்தான். போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கியதே கிளர்ச்சிக்குக் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆணை வெளியானது 1570 பிப்ரவரி 25 அன்று. கிளர்ச்சிப் படையோ டிசம்பர் நடுவிலேயே கலைந்துபோயிருந்தது. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது.

நெடுநாள் திட்டமிட்ட போராக இதைக் காட்டுவதும் பிழை. இங்கிலாந்தில் காவலில் இருந்த கத்தோலிக்கரான ஸ்காட்லாந்து அரசி மேரியை நார்ஃபோக் கோமகனுக்கு மணமுடிக்கும் முயற்சி அம்பலமாகி, அக்டோபரில் கோமகன் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். கிளர்ச்சி வேண்டாம் என்று தம் சகோதரியின் கணவரான வெஸ்ட்மோர்லாந்துப் பிரபுவுக்கு அவரே சொல்லி அனுப்பினார். ஆனால், அரசவைக்கு வருமாறு எலிசபெத் ஆணையிட்டதும், போனால் தலை தப்பாது என்று அஞ்சிய வெஸ்ட்மோர்லாந்தும் நார்தம்பர்லாந்துப் பிரபுவும் ஆயுதம் ஏந்தினர். டாப்கிளிஃபில் இரவில் மணிகள் முழங்க, நார்தம்பர்லாந்து வீட்டைவிட்டு ஓடியதிலிருந்து தொடங்கியது இது.

சமயம் வெறும் சாக்கு என்பாரும் உளர். டர்ஹாம் பேராலயத்தில் நவம்பர் 14 அன்று ஆங்கில விவிலியத்தைக் கிழித்தெறிந்து திருப்பலி நடத்திய கூட்டத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அதே சமயம், எல்லைக் காவல் பதவியை இழந்ததும், தம் நிலத்துச் செப்புச் சுரங்கம் அரசிக்கே உரியது என 1568இல் தீர்ப்பானதும் நார்தம்பர்லாந்தின் மனத்தில் புகைந்துகொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் பொறித்த கொடி இங்கும் பறந்ததால், சிலர் இதனை எட்டாம் ஹென்றி காலத்து 1536ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

தோல்விக்கு மக்கள் ஆதரவின்மையே காரணம் என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் தவறு. பார்னார்டு கோட்டையை அரசிக்காகக் காத்துநின்ற சர் ஜார்ஜ் போவ்ஸ், ஒரு பகல் ஓர் இரவுக்குள் 226 பேர் மதில் தாண்டிக் குதித்துக் கிளர்ச்சியாளரிடம் போய்ச் சேர்ந்ததாகவும், அவர்களில் 35 பேருக்குக் கழுத்தோ கைகாலோ முறிந்ததாகவும் எழுதினார். சாமானியர்கள் வந்தார்கள், வராதவர்கள் பெருங்குடியினர்தாம். நார்தம்பர்லாந்தின் சொந்தத் தம்பியே அரசியின் பக்கம் நின்றார். டட்பரியில் காவலில் இருந்த மேரியைக் கோவென்ட்ரிக்கு மாற்றிவிட்டதால் அவரை மீட்கும் வாய்ப்பும் போயிற்று. ஸ்பானியப் படை வந்திறங்கும் என நம்பி ஹார்ட்டில்பூல் துறைமுகத்தைப் பிடித்தும் எவரும் வரவில்லை. தெற்கிலிருந்து அரசியின் பெரும்படை நெருங்கியபோது பிரபுக்கள் போரிடாமலே ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள். ஆகவே டிசம்பரில் ஒரு பெரும்போரில் தோற்றார்கள் என எழுதக் கூடாது. 1570 பிப்ரவரியில் கெல்ட் ஆற்றங்கரையில் தோற்றவர் இவர்களல்லர், வடக்கின் மற்றொரு பெருங்குடியினரான லியோனார்டு டாக்கர்.

தண்டனையிலும் கவனம் தேவை. நூற்றுக்கணக்கான எளியவர்கள் சில வாரங்களில் தூக்கிலிடப்பட்டனர். 2,000 பவுனுக்கு ஸ்காட்லாந்தார் விற்றுவிட்ட நார்தம்பர்லாந்தின் தலை யார்க் நகரில் விழுந்தது 1572இல்தான். வெஸ்ட்மோர்லாந்து ஃபிளாண்டர்ஸுக்குத் தப்பி, அயல்நாட்டிலேயே இறந்தார்.