ஃப்யூவல் ரெயில் போல்ட்டை அளவோடு முறுக்குவது எப்படி?

பெட்ரோல் காரில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி மாட்டும்போது, அவற்றுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயான ஃப்யூவல் ரெயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முறுக்கிவிடுவது ஆபத்தானது. தளர்ந்தால் பெட்ரோல் கசிந்து சூடான இன்ஜின்மேல் விழும்; மிகையாக இறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

முதலில் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இன்ஜெக்டர்களின் புதிய ஓ-ரிங்குகளில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) சிறிது இன்ஜின் ஆயில் தடவுங்கள். ஆனால் போல்ட்டின் மரையில் எண்ணெய் படக் கூடாது, ஏனெனில் உராய்வு குறைந்து, அதே டார்க் (முறுக்கு விசை) அளவிலும் போல்ட் கூடுதலாக இழுபட்டுவிடும்.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலாலேயே திருகி, ரெயில் சமமாக அமர்ந்ததா என்று பாருங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவே வரும் என்றாலும், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. இவ்வளவு சிறிய அளவுக்குச் சக்கர நட்டு முறுக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் (குறித்த டார்க் வந்ததும் ‘க்ளிக்’ என்று ஒலிக்கும் ஸ்பேனர்) உதவாது, சிறியது வேண்டும். முதலில் பாதி அளவுக்கும் பிறகு முழு அளவுக்கும், மாறி மாறி, நிதானமாக இழுங்கள். ‘க்ளிக்’ என்றவுடன் கையை எடுத்துவிட வேண்டும், உறுதிக்காக மறுபடி இழுப்பது கூடாது.

ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரம் தெரிந்தால் போல்ட்டை மேலும் இறுக்காதீர்கள். மீண்டும் கழற்றி ஓ-ரிங்கைப் பாருங்கள்.