கம்போடு கப்பலேறுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

போன வருஷம் ஆத்தாவை, அதாவது என் அம்மாவை, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனேன். ஆத்தாவுக்கு 72 வயது, வலது முழங்காலில் தேய்மானம், கம்பு ஊன்றாமல் தெருமுனை வரைக்கும்கூட நடக்க முடியாது. எங்கள் ஐயா, அதாவது ஆத்தாவின் அப்பச்சி (அப்பா), நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர். அந்த ஊரைக் கண்ணால் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்பது ஆத்தாவின் ரொம்ப நாள் ஆசை. வந்ததிலிருந்து கல்யாண வீடு, படைப்பு வீடு எங்கே போனாலும் “கம்போட எப்படிக் கப்பல்ல சமாளிச்சீக?” என்று கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கப்பலில் தவறி விழக்கூடிய இடங்கள் நாலுதான்: குளியலறை வாசல், ஈரமான மேல்தளம், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடும் ஏறுபாலம், கரைக்குப் போகும் சிறு படகு. இந்த நாலுக்கும் தேவையான பழக்கத்தை நம் வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளலாம். செட்டிநாட்டு வீடு அதற்கென்றே கட்டியது போல இருக்கிறது.

1. முதலில் கம்பு சரியானதா என்று பாருங்கள்

ஆத்தா ஐயாவின் பழைய கம்பைத்தான் எடுத்துக்கொண்டு வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அருமையான கம்பு, ஆனால் ஐயா ஆறடி உயரம், ஆத்தா ஐந்தடிக்கும் குறைவு. அடியில் ரப்பர் கிடையாது, வெள்ளிப் பூண். அதை ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் (முற்றத்தைச் சுற்றிய நடுக்கூடத்தில்) ஊன்றிப் பார்க்கச் சொன்னேன், சர்ரென்று வழுக்கியது. அதோடு ஆத்தாவே ஒத்துக்கொண்டார்கள்.

உயரம் பார்ப்பது இப்படித்தான். பயணத்துக்குப் போடப்போகும் செருப்பையே போட்டு நேராக நிற்க வேண்டும், கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும், கம்பின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும். பொத்தானை அழுத்தி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அலுமினியக் கம்பு மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது, நாங்கள் காரைக்குடியில் அதைத்தான் வாங்கினோம், கூடவே மடக்குகிற கம்பு ஒன்றும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டோம். நாலு கால் வைத்த கம்பு சமதரையில் நன்றாக நிற்கும். சரிவான ஏறுபாலத்தில் நாலு காலும் ஒருசேரப் பதியாது, அதனால் கப்பலுக்கு ஒற்றைக் கால் கம்பே நல்லது என்பது என் எண்ணம். நாலு கால் இல்லாமல் முடியாது என்கிற நிலையில் இருப்பவர்கள் பிசியோதெரபி பார்ப்பவரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். வளையம் வளையமாக வரி இருக்கும். அந்த வரி தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் உடனே மாற்ற வேண்டும், சொற்ப விலைதான். புது ரப்பர் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. கப்பல் ஆடும்போது சாய்த்து வைத்த கம்பு விழுந்து உருளும், அதை எடுக்கக் குனியும்போதுதான் ஆளும் விழுவார்கள். ஆத்தா கிழிந்த கண்டாங்கிச் சேலையின் கரையிலிருந்து ஒரு சாண் துணி எடுத்து, மடித்துத் தைத்து, பிடியில் வளையமாகக் கட்டிக்கொண்டார்கள். உட்காரும்போது மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம், கொக்கியிலும் தொங்கவிடலாம். படி ஏறி இறங்கும்போது மட்டும் மாட்டக்கூடாது.

2. வீட்டில் இரண்டு வாரம் நடை பழகுங்கள்

நிறையப் பேர் வலிக்கிற காலின் பக்கமே கம்பைப் பிடிக்கிறார்கள், அது தப்பு. எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஆத்தாவுக்கு வலது கால் வலி, கம்பு இடது கையில். கம்பும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னால் போகும், பிறகு நல்ல கால்.

படியில், ஏறும்போது நல்ல கால் முதலில், பின்னாலேயே வலிக்கிற காலும் கம்பும். இறங்கும்போது கம்பும் வலிக்கிற காலும் முதலில், பிறகு நல்ல கால். இன்னொரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும்.

இதை எங்கே பழகுவது? முகப்பிலிருந்து வளவு, வளவிலிருந்து இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு நிலைப்படியாகத் தாண்டிப் போய்த் திரும்புங்கள். நிறையக் கப்பல்களில் சாதாரண அறையின் குளியலறைக்கும் பால்கனிக்கும் நம் நிலைப்படி மாதிரியே மேடு வைத்திருப்பார்கள், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. மேட்டுக்கு நெருங்கிப் போய், கதவு நிலையை ஒரு கையால் பிடித்து, நல்ல காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, அப்புறம் கம்பையும் மற்றக் காலையும் கொண்டுபோக வேண்டும். மேட்டின் மேலேயே கம்பை ஊன்றாதீர்கள். காலையும் மாலையும் ஆறு தடவை என்று ஆத்தா பழகினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் “என்ன ஆச்சி, இங்கிட்டும் அங்கிட்டும் நடக்குறீக?” என்றதற்கு, “பினாங்குக்கு நடந்து பாக்குறேன்” என்றார்கள்.

3. பதிவு செய்யும்போதே கம்பைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்

இதில்தான் நான் கோட்டைவிட்டேன். டிக்கெட் போட்ட முகவரிடம் கம்பு விஷயத்தைச் சொன்னேன், அவர் “அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்றார், நானும் விட்டுவிட்டேன். போய்ப் பார்த்தால் குளியலறை வாசலில் நாலு விரல்கடை உயரத்துக்கு மேடு. மேடு இல்லாத, பிடிப்புக் கம்பிகள் வைத்த அறைகள் எல்லாக் கப்பலிலும் கொஞ்சம்தான் இருக்கும், அவை முன்பே போய்விட்டன. வீட்டில் பழகியதால் ஆத்தா தாண்டினார்கள், ஆனாலும் ராத்திரி ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து விளக்கைப் போட்டேன். நீங்கள் அந்த மாதிரி அறையைக் கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் ரொம்ப நல்லது, ஆட்டம் அங்கேதான் குறைவு.

அப்போதே, குளிக்கும்போது உட்கார ஒரு முக்காலியும் கேளுங்கள். கடல் மயக்கத்துக்கான மாத்திரை நிறையப் பேருக்குத் தூக்கக் கலக்கம் தரும், கம்பு ஊன்றுகிறவர்களுக்கு அது விழ ஒரு காரணம். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

4. விமானத்திலும் துறைமுகத்திலும்

எங்கள் ஊர் பள்ளத்தூரிலிருந்து திருச்சி விமான நிலையம், அங்கிருந்து நேராகச் சிங்கப்பூர். விமான டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள். ஆத்தாவுக்கு முதலில் கௌரவக் குறைச்சலாக இருந்தது, “நான் என்ன நடக்கமாட்டாதவளா?” என்றார்கள். நடக்க முடியும்தான், ஆனால் அந்த வரிசைகளில் நிற்க முடியாது. பாதுகாப்புச் சோதனையில் கம்பைக் கருவிக்குள் அனுப்புவார்கள், அதுவரை நிற்க ஒரு கை கொடுங்கள். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கம்பை மேலே வைத்துவிடுவார்கள். மெரினா பே கப்பல் முனையத்திலும் நாற்காலியில்தான் போனோம்.

5. கப்பலில் முதல் நாள்

ஏறியதும் வரவேற்பு மேசைக்குப் போய், ஆபத்து நேரத்தில் ஆத்தாவுக்குத் துணை வேண்டும் என்று பதிந்தேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2012இல் இத்தாலியக் கரையோரம் காஸ்டா கன்கார்டியா கப்பல் சாய்ந்த பிறகு சர்வதேச விதியை இறுக்கிவிட்டார்கள். கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தாக வேண்டும். ஆபத்தில் லிஃப்ட்டை நம்பக்கூடாது, படிதான். ஆபத்து நேரத்தில் நாம் போய்ச் சேர வேண்டிய கூடுமிடத்துக்கு எந்தப் படி வழியாகப் போவது, எத்தனை தளம் என்பதை நடந்தே பார்த்துவிடுங்கள்.

அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடுதான், காந்தக் கொக்கி ஒன்று கொண்டுபோனால் கட்டிலில் படுத்தபடியே எட்டும் இடத்தில் கம்பை மாட்டலாம். நடைக்கூடங்களில் கைப்பிடி இருக்கும், ஒரு கை அதில், ஒரு கை கம்பில், பாதங்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடக்கட்டும். ஆட்டம் அதிகமானால் நடக்கவே வேண்டாம், உட்கார்ந்துவிட வேண்டும். மேல்தளத்தை விடியற்காலையில் கழுவிவிடுவார்கள், காயட்டும். வெளிக்கதவு காற்றில் அடித்துச் சாத்தும், ஆத்தாவை முன்னால் விட்டு நாம் பின்னால் நிற்கக்கூடாது, நாம்தான் போய்க் கதவைப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டும் கம்புமாகத் தடுமாற வேண்டாம், சிப்பந்திகளிடம் சொன்னால் மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள்.

6. கரையில் இறங்குவது

பினாங்கில் கப்பல் துறைமுக மேடையிலேயே நின்றது, ஏறுபாலம்தான். கூட்டம் போகட்டும் என்று அரைமணி காத்திருந்தோம். ஏறுபாலத்தின் சரிவு கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறும். காலையில் சும்மா இறங்கிய இடம் மாலையில் செங்குத்தாக இருந்தது. இறங்கும்போது நான் ஆத்தாவுக்கு ஒரு படி முன்னால் கீழே நின்றேன், ஏறும்போது பின்னால்.

தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படி. அது முடியாது என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம். அடிவாரத்தில் வாட்டர்ஃபால் சாலையிலேயே நம் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோவில் இருக்கிறது, காரிலிருந்து இறங்கிக் கம்பை ஊன்றியே ஆத்தா உள்ளே போனார்கள். கூடத்தின் தரையைப் பார்த்துவிட்டு “நம்ம வீடு மாதிரில்ல இருக்கு” என்று ரொம்ப நேரம் தூணைத் தொட்டபடி நின்றார்கள்.

புக்கெட்டில் கப்பல் கடலிலேயே நின்றது. சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும், படகும் கப்பலும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும், நடுவில் இடைவெளி திறந்து மூடும். மாற நினைப்பவர்கள் கம்பை முதலில் சிப்பந்தியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையும் காலியாக, அவர்கள் சொல்லும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். ஆத்தா கொஞ்ச நேரம் பார்த்தார்கள், “நான் இங்கனயே இருக்கேன்” என்றார்கள். சரி என்று இருவரும் கப்பலிலேயே இருந்துவிட்டோம். காலியான மேல்தளத்தில், காய்ந்த தரையில், பயணம் முழுக்க நடக்காத அளவுக்கு அன்றுதான் ஆத்தா நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். உப்புக் காற்றில் பொத்தான் இறுகிவிடும். ரப்பரையும் மறுபடி ஒருதடவை திருப்பிப் பாருங்கள். எங்களுடையது ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டோம்.