காய்ந்துபோகும் ஊதா மைக்கு ஒரு வழி

ராத்திரி மூடி வைத்த பேனாவைக் காலையில் திறந்தால் முதல் வரி விழாது. நிப்பின் பிளவை ஒட்டி, பொன்னிறமாக மினுங்கும் ஒரு படலம் காய்ந்து கிடக்கும். பேனாவில் கோளாறு இல்லை. அதிலேயே நீல மை தங்குதடையில்லாமல் ஓடியது.

அடர்ந்த ஊதா மைகளில் சாயம் அதிகம். தண்ணீர் ஆவியானதும் அது நிப்பிலேயே படிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, பேனாவுக்குள் மை இழுக்கும் குழாயான கன்வெர்ட்டரால் இழுத்து இழுத்துத் தள்ளினேன். பிறகு நிறம் போகும்வரை வெறும் தண்ணீரில் அலசினேன். கொதிநீர் கூடவே கூடாது, நிப்புக்கு அடியிலுள்ள கட்டை வளைந்துவிடும். அப்புறம் கொஞ்சம் மையைத் தனிக் குப்பியில் எடுத்து, பத்துக்கு ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்தேன். நிறம் லேசாக இளகியது, அடைப்பு நின்றது.

புது ஊதா வாங்கினால் டிஷ்யூ காகிதத்தில் ஒரு சொட்டு வைத்து, அதன் நடுவில் தண்ணீர்த் துளி விடுகிறேன். ஊதா பரவப் பரவ, உள்ளே ஒளிந்திருந்த இளஞ்சிவப்பும் நீலமும் வளையங்களாகப் பிரிகின்றன. எனக்கு நீலம் தூக்கலானதுதான் பிடிக்கும். மஞ்சளடித்த தாளிலும் பளிச்சென்று தெரியும்.

பிரான்சில் 1960கள் வரை பள்ளிப் பிள்ளைகள் எழுதியது ஊதா மையில்தான். ஹெர்பின் நிறுவனத்தின் வயலெட் பான்ஸே அந்த மரபில் வந்த நிறம். இளகிய மை, கழுவவும் சுலபம். தினசரி எழுத அதையே சொல்வேன். ஈரம் பட்டால் கரையும், அதனால் பத்திரங்களுக்கும் தபால் முகவரிக்கும் மட்டும் வேண்டாம்.